முருகைக்கல் வளரும் கடலடி

தமிழிலே 'குளித்தல்' என்னும் சொல்லுக்கு நீராடுதல் என்பதோடு மூழ்குதல் என்னும் பொருளும் உண்டு. 'முத்துக் குளித்தல்', 'சங்கு குளித்தல்' ஆகிய தொடர்களில் அப்பொருள் இன்றும் அழியாது நிற்கின்றது. ஈழத்திலே மூழ்கித் தொழில் புரிவோரைச் 'சுழியோடி' என்றும், அத்தொழிலைச் 'சுழியோடுதல்' என்றும் அழைப்பர். ஒரு தொழிலுக்கு இத்தனை சொற்களைக் கொண்ட மக்கள் அத்தொழிலை அறியாதவராய் இருத்தல் இயலாது. ஆயினும், யேர்மனியிலே வளரும் எம் பிள்ளைகளிடம் கடலடியைப் பற்றி வினவினால், தொலைக்காட்சியிற் கண்ட அவுஸ்திரேலியப் பாறைத் தொடரைக் கூறுவார்களேயன்றி, தம் பாட்டன் பாட்டி வாழ்ந்த கரையின் அருகே வளரும் முருகைக்கற்களைக் கூறுவது அரிது.

அண்மைக் காலத்தில் எமது பாடசாலைப் பிள்ளைகள் சிலர் கோடை விடுமுறையிற் செங்கடலுக்கும் மாலைதீவுக்கும் திருகோணமலைக்கும் சென்று, முதுகிற் காற்றுக் கலன் சுமந்து கடலில் மூழ்கி வருகின்றனர். "இது ஆபத்தில்லையா?" எனப் பெற்றோர் கேட்கின்றனர். "அங்கே கண்ட கல் உயிருள்ளதா?" எனப் பிள்ளைகள் கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் விடையாக இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முருகைக்கல் என்பது யாது?

முருகைக்கல் பார்ப்பதற்குக் கல்; கிளை விட்டு நிற்கையில் செடி; உண்மையில் அது ஒரு விலங்குக் கூட்டத்தின் வீடு. அவ்விலங்கைப் பொலிப்பு என்பர். கடற்கரையிற் காணும் சொறிக்கும், பாறையில் ஒட்டி வாழும் கடற்சாமந்திக்கும் அது உறவு. பெரும்பாலான இனங்களில் ஒரு பொலிப்பு சில மில்லிமீற்றர் அளவினதே. மென்மையான உடல், நடுவே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள் என்பனவே அதன் உறுப்புகள். கடல்நீரிற் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு அது தன் அடியிலே கல்சியங் காபனேற்றாலான ஒரு கிண்ணத்தைக் கட்டுகின்றது. ஒன்று பலவாகப் பெருகி, ஒவ்வொன்றும் தன் கிண்ணத்தைக் கட்ட, பழைய கிண்ணங்களின்மேற் புதியவை எழுகின்றன. இவ்வாறு ஆயிரமாயிரம் ஆண்டுகள் கட்டப்பட்டதே முருகைக்கற் பார் ஆகும். உருண்டைப் பாறை போன்ற இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வன. மான்கொம்பு போலக் கிளைப்பன ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வரை வளரக்கூடும். ஒருவர் காலால் மிதித்து ஒரு நொடியில் உடைக்கும் உருண்டைக் கல், அவருடைய பாட்டனார் பிறப்பதற்கு முன்னரே வளரத் தொடங்கியதாக இருக்கலாம்.

பொலிப்பின் உடலினுள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து, தாம் ஆக்கிய உணவிற் பெரும்பகுதியைப் பொலிப்புக்கு அளிக்கின்றன. பொலிப்பு அவற்றிற்கு உறையுளும் காபனீரொட்சைட்டும் அளிக்கின்றது. முருகைக்கல்லின் நிறங்களிற் பெரும்பாலானவை இந்தக் குடியிருப்பாளராலேயே உண்டாகின்றன. ஒளி வேண்டுமாதலால் பார் ஆழங்குறைந்த தெளிந்த நீரிலே வளர்கின்றது. வெப்பம் வேண்டுமாதலால் அயனமண்டலக் கடல்களை நாடுகின்றது. சேற்றுநீர் கலக்கும் ஆற்றுமுகங்களில் அது வளர்வதில்லை. உலகக் கடலடியின் பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைந்த இடத்தையே பார்கள் கொண்டிருப்பினும், கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ காற்பங்கு தம் வாழ்நாளில் ஏதோ ஒரு பருவத்தில் அவற்றையே அண்டி வாழ்கின்றன.

பவளம் வேறு, முருகைக்கல் வேறு

தமிழ்நாட்டு நூல்களில் இவற்றைப் 'பவளப்பாறை' என எழுதுவர். ஈழத்துப் பாடநூல்கள் 'முருகைக்கல்' என எழுதுகின்றன. எம் பேச்சுவழக்குச் சொல்லாகிய முருகைக்கல்லுக்கு ஒரு சிறப்புண்டு. நவமணிகளில் ஒன்றாகிய செம்பவளம், வெப்பக் கடலின் பார்களைக் கட்டும் இனமன்று. அது மத்தியதரைக் கடலின் நிழல் படிந்த பாறைகளிலே வளர்வது. பழந்தமிழகத்துக்கு அது உரோம வணிகரின் கப்பல்களிலே வந்தது. முசிறித் துறையில் இறங்கிய பொருள்களுள் பவளமும் ஒன்று எனக் கிரேக்க மாலுமியின் கையேடாகிய 'எரித்திரியக் கடற் பெரிபுளூஸ்' கூறுகின்றது. எமது முத்தை உரோமர் எவ்வளவு விரும்பினரோ அவ்வளவுக்கு அவர்தம் பவளத்தை இந்தியர் விரும்பினர் என்னுங் கருத்தைப் பிளினி என்னும் உரோம அறிஞரும் எழுதிவைத்தார். ஆகவே பவளம் நாம் விலை கொடுத்து வாங்கியது. முருகைக்கல்லோ எம் கரையிலேயே வளர்ந்தது.

முத்துச் சிப்பிகள் வளர்ந்த கடலடித் திட்டுகளையும் தமிழர் 'பார்' என்றே அழைத்தனர். மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்பை ஆராய்ந்த ஆங்கிலேயர் தம் அறிக்கைகளில் இச்சொல்லை அவ்வாறே எடுத்தாண்டனர். குளிப்புக் காலத்திற் சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவதற்கெனத் தனியே ஒருவர் அமர்த்தப்பட்டமையும், அவர் 'கடல்கட்டி' என அழைக்கப்பட்டமையும் அவ்வறிக்கைகளிற் காணப்படுகின்றன. சுழியோடிகள் கல்லைக் காலிற் கொளுவி இறங்கி, ஒரே மூச்சிற் சிப்பிகளைப் பொறுக்கி, கயிற்றை அசைத்து மேலே இழுக்கப்பட்டனர். அவர்கள் கொண்டிருந்த கருவி நெஞ்சிலடக்கிய மூச்சு ஒன்றே.

நாம் நடந்த நிலம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேலமைந்தது. அச்சுண்ணக்கல் மயோசீன் காலத்திலே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், ஆழங்குறைந்த வெப்பக் கடலின் அடியில் உயிரினங்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து உருவாயிற்று. வடகரையோரத்திற் பழைய முருகைக்கற் படிவுகளையும் காணலாம். மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியில் தேங்குவதாலேயே ஆறில்லாத அந்நாட்டிற் கிணறுகள் ஊறின. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அக்கல்லின் கொடைகளே. நெடுந்தீவிலே வேலிகளும் முருகைக்கற்களை அடுக்கி எழுப்பப்பட்டவை. ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் முருகைக்கல்லின் துளைகளை இன்றும் விரலால் தொட்டறியலாம். எம் முன்னோர் பாரின் மேலே வீடு கட்டி, பாரின் ஊடே நீர் அள்ளி வாழ்ந்தனர் எனல் மிகையன்று.

ஆயினும் உயிருள்ள பாரை எம்மிற் கண்டவர் சிலரே. தாயகத்தில் ஆசிரியப்பணி புரிந்த காலத்தில், புவியியற் பாடத்தில் முருகைக்கற் பார்களின் வகைகளை நாம் கரும்பலகையில் வரைந்து கற்பித்தோம். கரையோரப் பார், தடுப்புப் பார், கங்கணப் பார் என்னும் மூவகையையும், அவை தாழும் தீவைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவன என 1842 இல் சாள்ஸ் டார்வின் விளக்கியதையும் மாணவர் மனப்பாடம் செய்தனர். கடல் அவர்களது வகுப்பறையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. ஆனால் போர்க்காலத்திற் கடற்கரை தடைசெய்யப்பட்ட இடமாயிருந்தது. கற்பித்த நாமும் கற்ற அவர்களும் முருகைக்கல்லைச் சுவரிற் கண்டோம், நீரிற் காணவில்லை.

யேர்மன் மொழி பேசியோரும் எம் கடலும்

எமது கடலடியை முதன்முதல் ஓவியமாக உலகுக்குக் காட்டியவர் வியன்னா நகரத்தவர் என்பது பலர் அறியாதது. ஒய்கன் வொன் ரன்சொனே என்னும் ஒஸ்திரியப் பிரபு 1864-65 காலப்பகுதியில் இலங்கைக்கு வந்து, காலித் துறைமுகத்தை அண்டிய கடலில், கண்ணாடிச் சாளரம் பொருத்திய இரும்பாலான மூழ்குமணி ஒன்றினுள் அமர்ந்து, நீரடியில் இருந்தவாறே முருகைக்கற்களை வரைந்தார். அவ்வோவியங்கள் 1867 இல் வியன்னாவில் நூலாக வெளிவந்தன. யேனா நகரின் விலங்கியல் அறிஞர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் 1881-82 இல் இலங்கையில் தங்கி, வெலிகமவிலும் காலியிலும் கடலுயிர்களைச் சேகரித்தார். அவர் வரைந்த கடலுயிர்ப் படங்களைக் கொண்ட 'இயற்கையின் கலைவடிவங்கள்' என்னும் புகழ்பெற்ற தொகுப்பை எம் பிள்ளைகள் தம் யேர்மன் பாடசாலைகளிற் கண்டிருக்கக் கூடும். யொகானஸ் வால்தர் என்னும் யேர்மன் புவிச்சரிதவியலாளர் இராமர் அணையையும் பாக்குநீரிணையின் முருகைக்கற் பார்களையும் ஆராய்ந்து 1891 இல் நூல் வெளியிட்டார்.

வியன்னாவிற் பிறந்த ஹன்ஸ் ஹஸ் (1919-2013) கரிபியக் கடலில் 1939 இல் நீரடியிற் புகைப்படம் எடுத்து, கடலடியை ஐரோப்பிய வீடுகளுக்குக் கொணர்ந்தவர்களுள் முன்னோடியானார். அவர் பயன்படுத்திய மூச்சுக்கருவி லூபெக் நகரின் டிறேகர் நிறுவனத்தாற் செய்யப்பட்டது. அது தூய ஒட்சிசனைக் கொண்டது. தூய ஒட்சிசன் சில மீற்றர் ஆழத்துக்குக் கீழே நஞ்சாகிவிடும். அழுத்திய சாதாரண காற்றை, மூழ்குபவர் மூச்சிழுக்கும்போது மட்டும் வேண்டிய அளவிற்கு விடும் கருவியைப் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் காஞானும் 1943 இல் உருவாக்கினர். இன்று 'ஸ்கூபா' என்னும் பெயரால் உலகெங்கும் வழங்குவது அதன் வழிவந்ததே.

மூச்சை முதுகிற் சுமத்தல்

ஒரு காற்றுக் கலன் பொதுவாகப் பன்னிரண்டு லீற்றர் கொள்ளளவுடையது. அதனுள் ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்திற் காற்று அடைக்கப்படுகின்றது. எனவே அதில் அடங்குவது 2400 லீற்றர் காற்று. கலனின் வாயிலுள்ள சீராக்கி இவ்வமுக்கத்தைக் குறைத்து, மூழ்குபவரைச் சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமாக வாயிற் சேர்க்கின்றது.

இங்கே ஓர் எளிய கணக்கை மாணவர் செய்து பார்க்கலாம். நீர்மட்டத்தில் அமுக்கம் ஒரு வளிமண்டலம். ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் மேலும் ஒரு வளிமண்டலம் கூடுகின்றது. அமைதியாக நீந்துபவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றை மூச்சிழுப்பதாகக் கொண்டால், பத்து மீற்றர் ஆழத்தில் அவருக்கு 40 லீற்றர் செலவாகும். 2400 லீற்றர் அவருக்கு ஒரு மணி நேரத்துக்குப் போதும். ஐந்து மீற்றரில் அமுக்கம் ஒன்றரை வளிமண்டலம். ஆதலால் எண்பது நிமிடத்துக்குப் போதும். இருபது மீற்றரிலோ நாற்பது நிமிடமே. கலனை முற்றாக வெறுமையாக்காது ஒரு பங்கை மிச்சம் வைத்தே மேலேற வேண்டுமாகையால், உண்மையிற் கிடைக்கும் நேரம் இதனினுங் குறைவு. ஆழங்குறைந்த பார், ஒளியையும் நேரத்தையும் ஒருங்கே தருவதாலேயே மூழ்குவோர் அதனை விரும்புகின்றனர்.

ஆழமற்ற கடல் ஆபத்தற்ற கடலன்று

பெற்றோர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். ஆழங்குறைந்த நீரில் ஆபத்தில்லை என எண்ணுவது இயல்பு. பௌதிகவியல் அதற்கு மாறாகக் கூறுகின்றது.

வாயுவின் அமுக்கம் இரு மடங்கானால் அதன் கனவளவு பாதியாகும். அமுக்கம் பாதியானால் கனவளவு இரு மடங்காகும். பத்து மீற்றரிலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது அமுக்கம் இரண்டிலிருந்து ஒன்றாகின்றது. அதாவது சரிபாதியாகக் குறைகின்றது. நாற்பது மீற்றரிலிருந்து முப்பது மீற்றருக்கு வரும்போது ஐந்திலிருந்து நான்காக மட்டுமே குறைகின்றது. ஆகவே கனவளவு மிகுதியாக மாறுவது ஆழக்கடலில் அன்று. மேலேயுள்ள பத்து மீற்றரிலேயே. பத்து மீற்றர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருபவரின் நெஞ்சில் அக்காற்று இரு மடங்காக முயலும். நுரையீரல் அதனைத் தாங்காது. ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் ஆழத்திலிருந்தே இவ்வாறு எழுந்து நுரையீரல் கிழிந்தவர் உளர். ஆதலின் ஸ்கூபாவின் முதற்கட்டளை ஒன்றே: ஒருபோதும் மூச்சை அடக்காதே.

முத்துக்குளித்த எம் முன்னோர் மூச்சை அடக்கியே மூழ்கினர்; அவர்களுக்கு இந்தத் தீங்கு ஏன் நேரவில்லை? அவர்கள் மூச்சை நீர்மட்டத்தில் நிரப்பினர். கீழே செல்லச் செல்ல அக்காற்றுச் சுருங்கியது. மேலே வந்தபோது மீண்டும் தன் பழைய அளவை மட்டுமே அடைந்தது. ஸ்கூபாவில் மூழ்குபவரோ ஆழத்திலேயே நெஞ்சை நிரப்புகின்றார். வேறுபாடு அதுவே.

இரண்டாவது ஆபத்து நைதரசன். அமுக்கத்தின்கீழ் மூச்சிழுக்கும் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகின்றது. மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல உடலினுள் குமிழிகள் தோன்றும். மூட்டுகளில் நோவும், முள்ளந்தண்டில் அடைப்பு ஏற்படின் பாரிசவாதமும் உண்டாகும். ஆதலால் நிமிடத்துக்குப் பத்து மீற்றரைத் தாண்டாது மேலேறுதலும், ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்தலும், மூழ்கியபின் ஒரு நாள் கழியுமுன் விமானத்தில் ஏறாதிருத்தலும் நல்ல வழக்கங்கள். விடுமுறையின் கடைசி நாளிற் சுழியோடிவிட்டு அன்றிரவே விமானம் ஏறுவது எம் குடும்பங்கள் குறிப்பாகத் தவிர்க்க வேண்டியது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. ஈழத்தின் வடக்குக் கரையிற் கடலட்டையும் சங்கும் எடுக்கும் தொழிலாளர், உல்லாசப் பயணிகள் பயன்படுத்தும் அதே கலனையே முதுகிற் சுமக்கின்றனர். பயணி நாளொன்றுக்கு ஓரிரு முறை, வழிகாட்டி அருகிருக்க, மணிக்கூட்டைப் பார்த்து மூழ்குகின்றார். தொழிலாளி பயிற்சியும் அட்டவணையும் இன்றி, பிடிப்பு அதிகமாக வேண்டுமென்று, ஒரே நாளிற் பலமுறை ஆழத்துக்கு இறங்குகின்றார். இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்து வீட்டில் முடங்கிய இளைஞர் கரையோரக் கிராமங்களில் உண்டு. இவ்வறிவு ஏட்டிலிருந்து மீனவர் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஊரில் உறவினர் இத்தொழிலில் இருப்பின், தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது இதனையும் எடுத்துச் சொல்லுதல் நம்மவரால் இயலும்.

நீரடியிற் காணும் காட்சி

சில ஆண்டுகளுக்கு முன் செங்கடற் கரையில், பயிற்சியாளர் ஒருவர் அருகிருக்க, ஆறு மீற்றர் ஆழத்திலே நாம் முதன்முறையாக உயிருள்ள பாரைக் கண்டோம். முதலில் மனத்திற் பதிந்தது நிறமன்று, ஓசை. தன் மூச்சு உட்செல்லும் ஒலியும், குமிழிகளாய் வெளியேறும் ஒலியும், அவற்றினூடே அடுப்பில் உப்புப் பொரிவது போன்ற இடைவிடாத நொறுங்கலும் கேட்டன. இறால் வகைகளும் பாரைக் கறிக்கும் மீன்களும் எழுப்பும் ஒலி அது. நீரில் ஒலி காற்றிலும் நான்கு மடங்கு விரைந்து செல்வதால், அது எத்திசையிலிருந்து வருகின்றது எனக் காதால் அறிய முடியவில்லை. கண்ணாடியூடே பொருள்கள் காற்பங்கு அண்மையிலும் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தோன்றின. சிவப்பு நிறம் ஐந்து மீற்றர் அளவிலேயே நீரால் உறிஞ்சப்பட்டு மங்குவதால், மின்விளக்கின் ஒளி பட்ட பின்னரே சில மீன்களின் உண்மை நிறம் தெரிந்தது.

கிளிமீன்கள் தம் அலகு போன்ற பற்களாற் பாரைச் சுரண்டின. கல்லை அரைத்து, பாசியை உண்டு, எஞ்சியதை வெண்மணலாகக் கழித்தன. அயனமண்டலக் கடற்கரைகளின் வெண்மணலிற் பெரும்பங்கு இவ்வாறு உண்டானது. அங்கே கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையிற் கோமாளி மீன் அஞ்சாது வாழ்ந்தது. பொந்தொன்றில் அஞ்சாலை வாய்பிளந்து நின்றது. அதன் வாயினுள்ளேயே ஒரு சிறு மீன் நுழைந்து துப்புரவு செய்தது. ஒன்றையொன்று கொன்று தின்பவையும் ஒன்றையொன்று காத்து நிற்பவையும் ஒரே சுவரைப் பங்கிட்டிருந்தன.

புறாத்தீவு

எம்மவர்க்கு உரிய பார்களுள் இன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு ஆகும். மாடப்புறாக்கள் தங்குவதாற் பெற்ற பெயர் இது. 1963 இற் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. சில மீற்றர் ஆழத்திலேயே அங்கு முருகைக்கற்கள் வளர்கின்றன. கருமுனைச் சுறாக்களும் கடலாமைகளும் உலவுகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்த பின், மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதியாயிருக்கும். திருகோணமலையின் கடலடிக்கு வேறொரு வரலாறும் உண்டு. போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை, சுவாமிமலையின் அடியில், 1956 இல் மைக் வில்சனும் அவருடன் மூழ்கியோரும் கண்டனர். அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1957 இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார்.

ஏதிலியருக்கு யேர்மனி வழங்கும் நீலநிறப் பயணப் பத்திரத்தில், எல்லா நாடுகளுக்கும் செல்லலாம், தாய்நாடு தவிர, என எழுதப்பட்டிருக்கும். ஆகவே எம் போன்றோர்க்குச் செங்கடலின் பார் திறந்திருக்கின்றது. நிலாவெளியின் பார் மூடியிருக்கின்றது. யேர்மன் கடவுச்சீட்டுக் கொண்ட எம் மாணவர்க்கோ இரண்டும் திறந்தவை. அவர்கள் செல்லும் நாள்வரை அப்பார் உயிரோடிருக்குமா என்பதே கேள்வி.

பார் அழிந்தால்

கோடைகாலத்தின் வழமையான உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை செல்சியஸ் கூடி, அந்நிலை சில வாரங்கள் நீடித்தாலே போதும். பொலிப்பு தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றிவிடும். கல் வெண்ணிறமாகும். இதனை வெளிறல் என்பர். வெப்பம் விரைவிற் தணிந்தால் உயிர் மீளும். தணியாவிடின் பட்டினியால் இறக்கும். 1998 இல் இலங்கையின் தென்மேற்கே இக்கடுவையிலும் வடமேற்கே கற்பிட்டியை அடுத்த கடலிலும் ஆழங்குறைந்த பார்களிற் பெரும்பகுதி இவ்வாறு மடிந்தது. திருகோணமலைப் பார்கள் அவ்வாண்டிற் பெரிதும் தப்பின. 2016 இல் கற்பிட்டிப் பார்கள் மீண்டும் வெளிறின. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வதாக அறிவிக்கப்பட்டது.

மனிதன் கைகளாற் செய்த அழிவும் சிறிதன்று. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு காலம் முருகைக்கல் அகழப்பட்டது. மன்னார்க் குடாவின் இந்தியப் பகுதியில், 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் பார் அகழ்ந்ததன் விளைவாகக் கடலில் மூழ்கின. 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கையின் தென்மேற்குக் கரையை ஆராய்ந்தோர், பார் காக்கப்பட்ட இக்கடுவையிற் கடல்நீர் சிறிது தூரமே உட்புகுந்ததையும், சில கிலோமீற்றர் வடக்கே, பார் அகழப்பட்ட பெரலியவில் அலை மிக உயர்ந்து, புகையிரதத்தையும் அள்ளிச் சென்று நெடுந்தூரம் உட்புகுந்ததையும் எடுத்துக்காட்டினர். பார், அலையின் வேகத்தை முதலில் எதிர்கொள்ளும் சுவர் என்பதை அக்கரை மக்கள் பெருவிலை கொடுத்து அறிந்தனர்.

போர் ஓய்ந்த 2009க்குப் பின் புறாத்தீவுக்குப் பயணிகள் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். நீந்தத் தெரியாதோர் ஆழமற்ற நீரில் எழுந்து நிற்கும்போது அவர்கள் காலடியில் நொறுங்குவது முருகைக்கல்லே. அவர்களிற் பலர் அதனை வெறுங்கல் என்றே நினைக்கின்றனர்.

செய்யத்தக்கன

முதலாவது, நீந்தக் கற்றல். யேர்மனியிற் பிள்ளைகள் பெறும் 'கடற்குதிரை'ச் சின்னத்துக்கு 25 மீற்றர் நீந்துதலோடு, தோளளவு நீரின் அடியிலிருந்து ஒரு பொருளை எடுத்துவருதலும் வேண்டும். அதுவே எம் பிள்ளையின் முதற் சுழியோட்டம். அடுத்துவரும் வெண்கலச் சின்னத்துக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர் மூழ்கி எடுக்க வேண்டும். பிள்ளைகளை நீச்சற் குளத்தில் இறக்கிவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், தாமும் கற்க முன்வருதல் நன்று. பல ஊர்களிற் பெண்களுக்கெனத் தனி வகுப்புகள் நடைபெறுகின்றன.

இரண்டாவது, முறையான பயிற்சி. மருத்துவர் சான்று பெற்று, பயிற்சி நிலையத்திலோ சுழியோடிகள் சங்கத்திலோ கற்றபின் மட்டுமே கலன் பூண வேண்டும். காதடைப்பு, ஈழை, தடிமன் உள்ளபோது மூழ்கலாகாது. கடல் இல்லையே எனக் கவலைப்பட வேண்டியதில்லை. டுயிஸ்பூர்க்கில், 1985 இல் மூடப்பட்ட இரும்பாலையின் பழைய வாயுத் தாங்கி ஒன்று, 45 மீற்றர் விட்டமும் 13 மீற்றர் ஆழமுமுடைய மூழ்குதளமாக மாற்றப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கோடி லீற்றர் நீர் கொண்ட அத்தாங்கியில் ரூர்ப் பகுதி மக்கள் மூழ்கப் பழகினர். இரும்பு உருக்கிய இடத்திற் சுழியோடலாமெனின், இடம் ஒரு தடையன்று.

மூன்றாவது, பாரில் ஒழுக வேண்டிய முறை. உடலின் மிதப்பைச் சமன் செய்து, கிடையாக நீந்தி, துடுப்புக் காலாற் கல்லைத் தீண்டாதிருத்தல் வேண்டும். எதன்மீதும் நிற்கலாகாது, எதையும் தொடலாகாது. ஒட்சிபென்சோன் கலந்த வெயிற்களிம்புகள் பொலிப்புகளுக்குத் தீங்கு செய்வன என்பதால், பலாவு நாடும் ஹவாய் மாநிலமும் அவற்றைத் தடைசெய்தன. கையுள்ள நீச்சலுடை அணிந்தால் களிம்பின் தேவையே குறையும். கரையில் ஒதுங்கிய முருகைக்கல்லை நினைவுப் பொருளாகப் பெட்டியில் வைத்து வருதலும் குற்றம். அனைத்துலக உடன்படிக்கையாற் காக்கப்பட்ட அதனை விமான நிலையத்திற் சுங்கத்தார் பறிமுதல் செய்வர்.

நான்காவது, பெயர்களைக் காத்தல். முருகைக்கல், பார், சுழியோடி, அஞ்சாலை, கிளிமீன், சொறி, கடலட்டை ஆகிய சொற்களை எமது பிள்ளைகள் அறிதல் வேண்டும். இவற்றை அகராதியிலும் பார்க்கக் கரையோரத்திற் பிறந்த பெற்றோரும் பேரர்களுமே நன்கறிவர். அவர்களிடம் கேட்டு எழுதிவருவதை இவ்வாண்டு உயர்வகுப்பு மாணவர்க்கு ஒரு செயல்முறைப் பாடமாக விதித்துள்ளோம். பிறேமன் நகரில் 1991 இல் நிறுவப்பட்ட அயனமண்டலக் கடலாய்வு நிலையத்தில் முருகைக்கற் பார்களை ஆராய்வோர் பலர் உளர். எம் மாணவருள் ஒருவர் நாளை அங்கு பயின்று, நிலாவெளியின் பாரை அளக்கச் செல்லக்கூடும். அவ்வாறு செல்பவர் கரையிலுள்ள முதிய மீனவரிடம் தம் கேள்வியைத் தமிழிற் கேட்கவும், அவர் கூறும் விடையை விளங்கிக்கொள்ளவும் வல்லவராயின், அறிவியல் நூலிற் கிடைக்காத பலவற்றை அவர் அங்கே அறிந்து வருவார். ஞாயிறு தோறும் இவ்வகுப்பறையில் நாம் கற்பிக்கும் எழுத்துக்கு அதுவும் ஒரு பயனாகும்.